உமிழ்நீர்ச் சுரப்பி அடைப்பு: சாப்பிடும்போது வரும் வீக்கமும் அதில் நேரும் தவறுகளும்

சாப்பிட உட்கார்ந்த சில நிமிடங்களில் தாடைக்குக் கீழே ஒரு பக்கம் மட்டும் விண்விண்ணென்று வலித்து வீங்கி, சாப்பிட்டு முடித்த ஓரிரு மணி நேரத்துக்குள் தானாகவே வடிந்துவிடும் வீக்கத்தைப் பலர் மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில் பொருட்படுத்துவதில்லை. வடிந்துவிட்டதால் சரியாகிவிட்டது என்று நினைப்பதே இந்த நோயில் நேரும் முதல் தவறு. உமிழ்நீர் வெளிவரும் குழாயில் கல் அடைத்திருந்தால், பசியும் புளிப்பும் சுரப்பியைத் தூண்டும் நேரத்தில் உமிழ்நீர் பின்னால் தேங்கி வீக்கமாகிறது. சுரப்பு குறைந்ததும், தேங்கியது கல்லின் ஓரமாக மெல்லக் கசிந்து வெளியேறிவிடுகிறது. வீக்கம் போய்விட்டாலும் கல் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

நம் வாயில் மூன்று இணைப் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் உள்ளன: காதுக்கு முன்னும் கீழுமாக ஓர் இணை, தாடை எலும்புக்குக் கீழே ஓர் இணை, நாக்குக்கு அடியில் ஓர் இணை. இவற்றுடன் உதட்டின் உட்புறத்திலும் கன்னத்திலும் அண்ணத்திலும் பரவிக் கிடக்கும் நூற்றுக்கணக்கான சிறு சுரப்பிகளும் சேர்ந்து நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் தருகின்றன. கற்களில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை தாடைக்குக் கீழுள்ள சுரப்பியில்தான் உருவாகின்றன. அந்தச் சுரப்பியின் உமிழ்நீர் கெட்டியானது, சுண்ணாம்புச் சத்து மிகுந்தது. அதன் குழாய் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் நீளத்துக்குக் கீழிருந்து மேல்நோக்கி ஏறி, நாக்கைத் தூக்கினால் நடுவில் தெரியும் நரம்பு போன்ற மடிப்பின் இருபுறமும் உள்ள சிறு மேடுகளில் திறக்கிறது. மேல்நோக்கி ஏற வேண்டிய பாதையும், குழாயைக் காட்டிலும் குறுகலான வாயும் சேர்ந்தால் தேக்கத்துக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அடுத்த தவறு, வீக்கத்துக்குத் தவறான பெயர் வைப்பது. தாடைக்குக் கீழே எது வீங்கினாலும் ‘நெறி கட்டியிருக்கிறது’ என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். காதோரம் வீங்கினால் ‘பொன்னுக்கு வீங்கி’ என்று கழுத்தில் தங்கச் சங்கிலியைப் போட்டுவிடுவார்கள். பொன்னுக்கு வீங்கி வைரஸ் நோய். காய்ச்சலோடு வந்து, வீக்கம் நாள்கணக்கில் தொடர்ந்து இருந்துவிட்டுத்தான் போகும். ஒருமுறை வந்தவருக்குப் பெரும்பாலும் மறுமுறை வருவதில்லை. ஆகவே ஒரே ஆண்டில் ‘மூன்றாவது முறையாகப் பொன்னுக்கு வீங்கி’ என்று ஒருவர் சொன்னால், அவருக்கு வந்திருப்பது வேறு ஏதோ ஒன்று. குழந்தைகளுக்குக் கல் இல்லாமலேயே காதோரச் சுரப்பி அடிக்கடி அழன்று வீங்கும் தொல்லை உண்டு. அது பெரும்பாலும் பதின்ம வயதைத் தாண்டும்போது அடங்கிவிடும். பெரியவர்கள் பல்லைப் பிடுங்கிக்கொள்வதும் நடக்கிறது: கடைவாய்ப் பல்லுக்குக் கீழே வலி, அந்தப் பக்கம் ஒரு சொத்தைப் பல்லும் இருக்கிறது, பழி பல்லின்மீது விழுகிறது. பல்லை எடுத்த பிறகும் சாப்பாட்டு வேளையில் வீக்கம் வந்தால்தான் உண்மை விளங்குகிறது. மருத்துவரிடம் போகும் நேரத்தில் வீக்கம் பெரும்பாலும் வடிந்திருக்கும் என்பதால், வீங்கியிருக்கும்போதே நேராக முகம் தெரியும்படி கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது மிகவும் உதவும். ‘எப்போது வருகிறது’ என்ற கேள்விக்கு ‘சாப்பிடும்போது’ என்ற பதிலே நோயைப் பாதி கண்டுபிடித்துவிடும்.

உமிழ்நீர்க் கல் என்று தெரிந்ததும், கல் என்ற சொல்லைக் கேட்டவுடன் சிறுநீரகக் கல்லுக்குரிய பத்தியம் தொடங்கிவிடுவது நம் ஊரில் பரவலாக நடக்கும் தவறு. வாழைத்தண்டுச் சாறு குடிப்பதும், தக்காளியையும் கீரையையும் ஒதுக்குவதும், பாலை நிறுத்துவதும் இந்தக் கல்லை ஒன்றும் செய்யாது. இது பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட். தேங்கிய உமிழ்நீரில், கெட்டித்த சளியையும் உதிர்ந்த செல்களையும் சுற்றிப் படிந்து வளர்வது. இந்தக் கல் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இரத்தத்தில் கால்சியம் அளவு சரியாகவே இருக்கும் என்பதால், பாலை நிறுத்தினால் எலும்புக்குத்தான் இழப்பு. சிறுநீரகக் கல்லுக்கும் இதற்கும் பொதுவாகப் பொருந்தும் அறிவுரை ஒன்றே ஒன்று: தண்ணீர் நிறையக் குடிப்பது. இதயச் செயலிழப்பு, சிறுநீரகக் கோளாறு காரணமாகத் தண்ணீர் அளவு வரையறுக்கப்பட்டவர்கள் மட்டும் தம் மருத்துவரைக் கேட்டே கூட்ட வேண்டும்.

புளிப்பு விஷயத்தில் இரு பக்கமும் தவறு நடக்கிறது. எலுமிச்சை உமிழ்நீரைச் சுரக்க வைக்கும், சுரந்த வேகத்தில் சிறு கல் வெளியே தள்ளப்படும் என்பது உண்மைதான். குழாயின் வாய்க்கு அருகில் உள்ள சிறு கற்கள் இப்படி வெளியேறுவதுண்டு. ஆனால் குழாய் முழுவதும் அடைபட்டு, சுரப்பி கல்லாக இறுகி வலிக்கும்போது புளிப்பைக் கொடுத்தால், போக்கிடம் இல்லாத இடத்தில் மேலும் நீரைப் பாய்ச்சுவதாகும். வலி தாங்க முடியாமல் போகும். சீழும் காய்ச்சலும் இருக்கும்போதும் முதலில் நோய்த்தொற்று அடங்கட்டும். வீக்கம் தணிந்திருக்கும் வேளைகளில்தான் புளிப்புக்கு இடம். அப்போதும் எலுமிச்சைத் துண்டைக் கன்னத்தில் அடக்கி வைத்துக்கொண்டே இருந்தால் பல்லின் மேற்பூச்சு அரிக்கும்; சர்க்கரை இல்லாத புளிப்பு மிட்டாயோ, சர்க்கரை இல்லாத சூயிங்கமோ போதும். உமிழ்நீர் ஊறட்டும் என்று வெற்றிலை பாக்கும் புகையிலையும் போடுபவர்களுக்கு வாய்ப்புற்றுநோய் ஆபத்துதான் கூடும்.

நீவிவிடுவதைப் பலரும் கேள்விப்பட்டிருக்கிறார்கள், ஆனால் எந்தத் திசையில் என்று தெரியாமல் வீக்கத்தை அங்குமிங்கும் பிசைந்து நோகடித்துக்கொள்கிறார்கள். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் பத்து நிமிடம் ஒத்தடம் கொடுத்த பின், தாடைக்குக் கீழுள்ள சுரப்பியானால் தாடையின் கோணத்துக்குக் கீழே விரலை வைத்து முகவாயை நோக்கி முன்பக்கமாக நீவ வேண்டும். காதோரச் சுரப்பியானால் காதுக்கு முன்னிருந்து கன்னத்தின் வழியாக வாயின் ஓரத்தை நோக்கி நீவ வேண்டும். உமிழ்நீர் ஓடும் திசையில் மிதமான அழுத்தம் போதும். கண்ணாடிக்கு முன் நாக்கைத் தூக்கி, அந்தச் சிறு மேடுகளைச் சுத்தமான துணியால் ஒற்றி உலர்த்திவிட்டு இப்படி நீவினால், நல்ல பக்கத்தில் தெளிந்த நீர் ஒரு துளியாக ஊறி நிற்பது தெரியும். மறுபக்கம் ஒன்றுமே வராவிட்டால் அடைப்பைச் சந்தேகிக்கலாம். கலங்கலாகவோ மஞ்சளாகவோ வந்தால் நோய்த்தொற்று என்று கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும். இந்தச் சோதனையின்போது மேட்டில் மஞ்சளாக ஒரு புள்ளி தெரிந்து, அதை ஊக்காலோ பல்குச்சியாலோ நெம்பி எடுக்க முயல்வதைப் போன்ற ஆபத்து வேறில்லை. கல் உள்ளே நழுவலாம். காயம் ஆறும்போது குழாயின் வாய் சுருங்கி, கல் போன பிறகும் அடைப்பு நிலைத்துவிடலாம்.

என் பார்வையில் எல்லாவற்றிலும் கெட்ட பழக்கம், வீங்கும்போதெல்லாம் மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி இரண்டு நாள் போட்டுவிட்டு நிறுத்துவது. கிருமித்தொற்று இல்லாத வெறும் அடைப்புக்கு ஆன்டிபயாடிக் தேவையே இல்லை. தொற்று இருக்கும்போது மருத்துவர் சொன்ன நாள் வரைக்கும் போட வேண்டும். அது சீழை ஆற்றுமே தவிரக் கல்லைக் கரைக்காது. இப்படித் தொற்று திரும்பத் திரும்ப வந்தால் சுரப்பியே தழும்பேறிக் கெட்டுவிடும். இதற்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு தவறு உண்டு. ஒவ்வாமைக்கும் மனச்சோர்வுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் தரப்படும் சில மருந்துகள் வாயை உலரவைக்கும் என்று படித்துவிட்டு, அவற்றைத் தாமே நிறுத்திவிடுகிறார்கள். மாற்று மருந்து உண்டா என்று எழுதிக் கொடுத்தவரைக் கேட்பதே முறை.

அறுவை சிகிச்சைக்குப் பயந்து தள்ளிப்போடுபவர்கள், சிகிச்சை என்றாலே சுரப்பியை எடுத்துவிடுவார்கள் என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். காது மூக்கு தொண்டை மருத்துவர் முதலில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், தேவைப்பட்டால் சி.டி. ஸ்கேன் எடுத்துக் கல்லின் அளவையும் இடத்தையும் பார்ப்பார். நாக்கடியில் விரலால் தொட்டு உணரக்கூடிய கல்லை, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, வாய்க்குள்ளேயே சிறு கீறலிட்டு எடுத்துவிடலாம். இன்னும் உள்ளே இருக்கும் சிறு கற்களுக்கு, 1990களில் ஐரோப்பாவில் வளர்ந்த சியாலெண்டோஸ்கோபி என்ற முறை உண்டு: ஒரு மில்லிமீட்டர் அளவே தடிமன் உள்ள உள்நோக்கிக் கருவியை உமிழ்நீர்க் குழாயின் வாய் வழியே செலுத்தி, சிறு கம்பிக் கூடையால் கல்லைப் பிடித்து இழுப்பார்கள். ஏறத்தாழ 4 மில்லிமீட்டருக்குக் குறைந்த கற்கள் இதற்கு ஏற்றவை. பெரியவற்றை லேசரால் உடைக்கவோ, கீறலோடு சேர்த்து எடுக்கவோ வேண்டியிருக்கும். எல்லா ஊரிலும் இந்த வசதி இருப்பதில்லை என்பதால், சுரப்பியை எடுக்கச் சொல்லியிருந்தால் பெரிய மருத்துவமனை ஒன்றில் இரண்டாவது கருத்துக் கேட்பது வீண் போகாது. எடுத்தே தீர வேண்டிய நிலையும் உண்டு. அப்போது கீழுதட்டை அசைக்கும் நரம்பும் நாக்கின் நரம்பும் அருகிலேயே ஓடுவதைப் பற்றி விவரமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு சுரப்பி போனால் வாய் வறண்டே போய்விடும் என்ற அச்சத்துக்கு இடமில்லை, மற்றவை ஈடுகட்டிவிடும்.

வலியில்லாத கட்டியையும் ‘கல்தான்’ என்று விட்டுவிடுவது உயிரோடு விளையாடுவது. சாப்பாட்டோடு தொடர்பின்றி நிலையாக நின்று மெல்ல வளரும் கட்டி, முகத்தின் ஒரு பக்கம் தளர்வது, கழுத்தில் வேறு கட்டிகள் தோன்றுவது ஆகியவை புற்றுநோய்க்கான சோதனையைக் கோருபவை. தாடைக்குக் கீழுள்ள சுரப்பியில் தோன்றும் கட்டிகளில் ஏறக்குறைய பாதி புற்றுநோயாக இருக்கின்றன. இரு பக்கமும் வீங்கி, வாயோடு கண்ணும் உலர்ந்தால் உடலின் எதிர்ப்புச் சக்தியே உமிழ்நீர், கண்ணீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் ஷோகிரன் நோயை நினைக்க வேண்டும். வாயின் அடிப்பகுதி வீங்கி நாக்கு மேலே தூக்கப்பட்டு, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் ஏற்பட்டால், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திராமல் இரவானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

கல்லை எடுத்த பிறகு மருத்துவர் சொன்ன நாளிலிருந்து நீவிவிடுவதைத் தொடர வேண்டும், தண்ணீரும் குறையக் கூடாது. கீறிய இடம் ஆறும்போது சுருங்காமல் இருக்க உமிழ்நீர் அந்த வழியே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். சில மாதம் கழித்துச் சாப்பாட்டு வேளையில் பழைய வீக்கம் தலைகாட்டினால், இன்னொரு கல்லோ குழாயின் சுருக்கமோ இருக்கலாம் என்பதால் மறுபடியும் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும்.