ஸ்போர்ட்ஸ் காடிக்கு வீட்டிலேயே ஸ்பார்க் பிளக் மாற்றுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

மலாயில் சுங்கை சிப்புட் என்றால் நத்தை ஆறு. இந்த ஊரில் ஸ்போர்ட்ஸ் காடி வைத்திருப்பவனைக் கிண்டலடிக்க ஊர்ப்பெயரே போதும். என் அக்கா மகன் செகண்ட் ஹேண்டில் ஒரு மஸ்டா எம்எக்ஸ்-5 வாங்கி வைத்திருக்கிறான். ஒரு சனிக்கிழமை ராத்திரி ஈப்போவிலிருந்து வந்து இறங்கியவன், பொனட்டைத் திறந்துகொண்டே, "மாமா, பிளக் வாங்கிட்டு வந்துட்டேன். இப்பவே கழட்டிருவோமா? நாலே நாலுதானே" என்றான். இன்ஜின் இன்னும் டிக் டிக் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

"காலைல பாப்போம்டா" என்றேன். முகம் சுருங்கிவிட்டது. ஆனால் முதல் தவறே இந்த அவசரம்தான். சிலிண்டர் ஹெட் அலுமினியம், அதில் திருகி நின்று பெட்ரோலைப் பற்றவைக்கும் பிளக்கின் உடம்பு எஃகு. சூட்டில் அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், பலமும் குறையும். அந்த நேரத்தில் திருகினால் ஹெட்டில் உள்ள மரை சிதையலாம். பிளக் கெட்டால் வேறு வாங்கிக்கொள்ளலாம். ஹெட்டில் மரை போனால் துளையைப் பெரிதாக்கி உள்ளே புது மரை பதிக்க வேண்டும். அந்தச் செலவைக் கேட்டால் நமக்கே மரை கழண்டுவிடும்.

காலையில் இன்ஜின் ஜில்லென்று இருந்தது. பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயில்களைக் கழற்றினோம். பல வருட சூட்டில் அந்த பிளாஸ்டிக் கிளிப்புகள் அப்பளம் மாதிரி ஆகியிருக்கும், ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். காயில் வெளியே வந்ததும் பையன் சாக்கெட்டைக் குழிக்குள் விட்டான். "நிறுத்து, டார்ச்ச அடி." பிளக்கைச் சுற்றி செம்மண் வளையம் கட்டியிருந்தது. செம்பனைக் குலை லோரி ஓடுகிற பாதையில் போய் வருகிற காடி, வேறு எப்படி இருக்கும்? பிளக்கை எடுத்த மறுநொடி அந்தத் தூசி நேராக சிலிண்டருக்குள் விழும். சைக்கிள் பம்பில் சின்ன ரப்பர் குழாயை மாட்டி ஊதினோம். அரைச்சுற்று தளர்த்தி, இன்னொரு முறை ஊதிவிட்டுத்தான் கழற்றினோம். வாலிப வயதில் நான் இதைச் செய்யாமல் கழற்றி, மணல் உள்ளே விழுந்த சத்தத்தைக் காதால் கேட்டேன். அன்று ராத்திரி தூக்கம் இல்லை.

மூன்றாவது பிளக் பாதி வழியில் நறநறத்தது. இங்கே நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பலத்தைக் கூட்டுவார்கள். கூட்டாதீர்கள். கால் சுற்று உள்ளே திருப்பி, துரு தளர்த்தும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வாருங்கள். பிறகு கொஞ்சம் வெளியே, கொஞ்சம் உள்ளே என்று ஆட்டி ஆட்டி எடுங்கள். பட்டறையில் டயர் கழற்றுகிற ஏர் கன்னை இந்த வேலைக்குக் கொண்டுவரவே கூடாது.

கழற்றிய பிளக்கைக் குப்பையில் போடுவது அடுத்த தவறு. முட்டை அட்டையில் சிலிண்டர் வரிசைப்படி குத்தி வையுங்கள், ஒவ்வொன்றும் உள்ளே நடந்ததைச் சொல்லும். வெளிர் பழுப்போ சாம்பல் நிறமோ என்றால் நலம். உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. முனையில் எண்ணெய் ஈரம் என்றால் பிஸ்டன் ரிங்கையோ வால்வின் ஆயில் சீலையோ சந்தேகப்படலாம். மேல்பக்கத்தில் மட்டும் எண்ணெய் என்றால் பெரும்பாலும் வால்வு கவரின் ரப்பர்தான், பயப்பட வேண்டாம். வெள்ளைவெளேர் என்று கொப்புளித்திருந்தால் அதிகச் சூடு. பீங்கானில் பொடிப்பொடியாக அலுமினியம் ஒட்டியிருந்தால் காடியை ஓட்டவே ஓட்டாதீர்கள், பிஸ்டன் கரைகிறது. ஐட்லிங்கில் நெடுநேரம் நின்ற இன்ஜினின் பிளக் கறுப்பாகத்தான் இருக்கும், அதை வைத்து முடிவு கட்டக்கூடாது.

"மாமா, இங்க பாரு, கேஸ் லீக் ஆவுது" என்று ஒன்றை நீட்டினான். வெள்ளைப் பீங்கானில், எஃகு தொடங்குகிற இடத்துக்குச் சற்று மேலே, டீக்கறை மாதிரி ஒரு வளையம். இதைப் பார்த்து ஏமாறாதவர் குறைவு. உயர் மின்னழுத்தம் காற்றில் மிதக்கும் எண்ணெய்த் துகளை இழுத்து ஒட்டவைத்த கறை அது, கோளாறே இல்லை. கோளாறு எது தெரியுமா? பீங்கானில் மேலிருந்து கீழே ஓடும் தலைமுடி போன்ற கறுப்புக் கோடு. மின்சாரம் வெளிப்புறமாகவே தாவியிருக்கிறது என்று அர்த்தம். அப்போது காயிலின் ரப்பரையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

இனி வாங்கும்போது செய்யும் தவறு. ரேஸ் காடிக்குப் போடுகிற, சூட்டை வேகமாக வெளியேற்றும் 'கோல்ட்' (cold) பிளக்கைத் தெருக் காடிக்குப் போடுவது ஒரு மோகம். பிளக்கின் முனை சுமார் 450 பாகை செல்சியசைத் தாண்டினால்தான் தன் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். 850ஐத் தாண்டினால் பொறிக்கு முன்பே பெட்ரோல் பற்றிக்கொள்ளும். சந்தைக்கும் கோயிலுக்கும் போய்வருகிற காடியில் கோல்ட் பிளக் சூடேறாமல் கரி பிடித்தே சாகும். பிளக்கின் சூட்டு எண்ணிலும் குழப்பம் உண்டு. என்ஜிகே, டென்சோ பிராண்டுகளில் எண் கூடினால் கோல்ட், போஷில் தலைகீழ். இன்ஜினைக் கைவைக்காதவர்கள் கையேட்டில் உள்ளதையே போடுங்கள். பாதி விலைக்கு வரும் செட்டையும் நம்பாதீர்கள், போலி நிறைய உலவுகிறது.

இரிடியம் பிளக்கின் நடு முனை 0.6 மில்லிமீட்டர்தான், சிலவற்றில் 0.4. வட்டக்காசு அளவுகோலை இடுக்கில் செருகி நெம்பினால் முறிந்துவிடும். கம்பி அளவுகோலால் இடைவெளியைச் சரிபார்த்தால் போதும். கம்பி பிரஷும் வேண்டாம். கீழே விழுந்த பிளக்கையும் போடாதீர்கள், விரிசல் கண்ணுக்குத் தெரியாது.

மாட்டும்போது பிளக்கின் தலையில் ஒரு சாண் ரப்பர் குழாயைச் செருகி, விரலால் திருகி இறக்குங்கள். மரை மாறி ஏறினால் குழாய் வழுக்கும், ராட்செட் ஸ்பேனர் வழுக்காது, வெட்டிக்கொண்டே போகும். கடைசி இறுக்கத்துக்கு, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் (torque) ரெஞ்ச். வாஷர் உள்ள 14 மில்லிமீட்டர் மரைக்கு அலுமினிய ஹெட்டில் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மில்லிமீட்டருக்கு 15 முதல் 20. கையேடு வேறு சொன்னால் கையேடுதான். மரையில் கிரீஸ் தடவாதீர்கள். வழுக்கலில் ரெஞ்ச் காட்டும் அளவைவிட அதிகமாக இறுகிவிடும்.

இத்தனையும் பிளக் மேலே நிற்கிற இன்ஜினுக்கு. அவனுடைய நண்பன் டொயோட்டா 86 வைத்திருக்கிறான். படுத்துக் கிடக்கும் பாக்சர் இன்ஜின், பிளக் பக்கவாட்டில் காடியின் இரும்புச் சட்டத்தைப் பார்த்து நிற்கும். பேட்டரியையும் காற்றுப் பெட்டியையும் கழற்றாமல் கை போகாது. முதல் முறை என்றால் பட்டறைக்கே போங்கள்.

ஸ்டார்ட் செய்ததும் எம்எக்ஸ்-5 குலுங்கியது. பையனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "கெடுத்துட்டோமா மாமா?" இன்ஜினை அணைத்துவிட்டு, மூன்றாவது காயிலின் கிளிப்பைக் கட்டைவிரலால் அழுத்தினேன். டக் என்றது.