உப்புக் கரைசலின் அடர்த்தியைக் கணக்கிடும் முறை

கிருஷ்ணகிரி அணைப் பாசனத்தில், உப்புக் கரைசலில் போட்டு மூழ்கும் நல்ல விதைநெல்லை மிதக்கும் பதரிலிருந்து தேர்ந்தெடுக்க, 10 லிட்டர் தண்ணீரில் ஒன்றரைக் கிலோ உப்பைக் கரைத்து, அதில் முட்டை மிதக்கிறதா என்று பார்ப்பதுண்டு. முட்டை காட்டும் அதே செய்தியை, அதாவது கரைசலின் அடர்த்தியை, எண்ணாகப் பெற வேண்டுமானால், கரைசலின் நிறையை அதன் கன அளவால் வகுக்க வேண்டும்.

பிழை நேர்வது கன அளவில்தான். மொத்த நிறை 11.5 கிலோ, தண்ணீர் 10 லிட்டர், எனவே அடர்த்தி 1.15 என்று முடித்துவிடுவது தவறு. உப்பு கரைந்தபின் கரைசல் ஏறத்தாழ 10.5 லிட்டராகிவிடுகிறது. உப்பின் கன அளவைத் தனியே கூட்டினாலும் (அதன் அடர்த்தி 2.16 என்பதால் சுமார் 0.7 லிட்டர்) விடை பொருந்தாது, ஏனெனில், உப்பின் அயனிகள் சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகளை நெருக்கமாக இழுத்துக்கொள்வதால் கரைசல் சற்றே சுருங்குகிறது. ஆகவே கன அளவைக் கூட்டிப் பெறாமல் அளந்தே பெற வேண்டும்.

உப்பு கரையும்போது தண்ணீர் சற்றுக் குளிரும் என்பதால், கரைசல் அறை வெப்பநிலைக்கு வரும்வரை பொறுத்திருங்கள்; கல் உப்பென்றால் அடியில் தங்கும் மண்ணை வடிகட்டிவிடுங்கள். உலர்ந்த 100 மில்லிலிட்டர் அளவு உருளையை 0.1 கிராம் வரை காட்டும் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். பின்னர், கண்ணைக் கோட்டின் மட்டத்தில் வைத்து, பிறைத்தளத்தின் (வளைந்து நிற்கும் கரைசல் மட்டத்தின்) அடிப்பகுதி 100 என்ற கோட்டைத் தொடும்வரை கரைசலை ஊற்றுங்கள். கடைசிச் சில துளிகளைச் சொட்டுக்குழாயால் விடுவதே நல்லது. மறுபடி நிறுத்து, உருளையின் நிறையைக் கழியுங்கள். 109 கிராம் வந்தால், அதை 100-ஆல் வகுக்க, அடர்த்தி மில்லிலிட்டருக்கு 1.09 கிராம்.

மலிவான பிளாஸ்டிக் உருளைகளின் கோடுகளை நான் நம்புவதில்லை. அதே கோடு வரை வடித்த நீரை ஊற்றி நிறுத்தால், 30 டிகிரி செல்சியஸில் 99.6 கிராம் இருக்க வேண்டும். 98.6 தான் இருக்கிறதென்றால், கரைசலின் நிறையை 98.6-ஆல் வகுத்து, 0.996-ஆல் பெருக்கினால் உருளையின் பிழை நீங்கிவிடும். தருமபுரிப் பக்கத்துத் தண்ணீரில் புளோரைடு அதிகமாயிற்றே என்ற ஐயம் இங்கே வேண்டியதில்லை. லிட்டருக்குச் சில மில்லிகிராம் புளோரைடு இந்தத் தராசில் தெரியாது.

ஈரமான விதை விழ விழக் கரைசல் நீர்த்துப்போகும். ஒவ்வொரு தவணைக்கு முன்னும் மீண்டும் 100 மில்லிலிட்டர் நிறுத்துப் பார்த்து, 107-க்கு இறங்கியிருந்தால் இன்னும் சிறிது உப்பைக் கரைத்துக்கொள்ளுங்கள்.