வீட்டு மரத்தைக் கழிக்க ஆள் அமர்த்துவது எப்படி?

"கூலி எதுவும் வேண்டாம், மரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்" என்று யாராவது வாசலில் வந்து சொன்னால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுவது நல்லது. வேம்பு, மா, பலா போன்றவை பலகையாகவோ விறகாகவோ விலைபோகும் மரங்கள் என்பதால், கட்டையை எடுத்துச் செல்பவருக்கு எவ்வளவு அதிகமாக வெட்டுகிறாரோ அவ்வளவு இலாபம். மரத்தை வெட்ட வேண்டுமா, இரண்டு கிளைகளைக் கழித்தால் போதுமா என்ற கேள்விக்கு அவரிடமிருந்து நேர்மையான பதிலை எதிர்பார்ப்பது அவருக்கும் நியாயமன்று. ஆகவே கூலியைத் தனியாகப் பேசுங்கள். கட்டையை விற்பதானால் வேலை முடிந்தபின், வேறொரு பேச்சாக வைத்துக்கொள்ளுங்கள்.

மரத்தின் நிலையை முதலில் நீங்களே ஒருமுறை சுற்றிப் பார்க்கலாம். அடித்தண்டில் காளான் முளைத்திருத்தல், தட்டினால் பொள்ளென்ற ஓசை வருதல், பட்டையிலிருந்து மரத்தூள் உதிர்தல், சாய்ந்திருக்கும் மரத்தின் எதிர்ப்பக்கத்தில் மண் வெடித்திருத்தல் ஆகியவை கவனிக்கத்தக்க அறிகுறிகள். இலை கருகி நுனிக்கொம்பு காய்ந்திருக்கும் வேம்பைச் செத்த மரமென்று முடிவுகட்டிவிட வேண்டாம். தேயிலைக் கொசு எனப்படும் சாறுறிஞ்சும் பூச்சியின் தாக்குதலால் அவ்வாறு காயும் வேம்புகள் பெரும்பாலும் மீண்டும் துளிர்த்துவிடுகின்றன. ஐயம் தீராவிட்டால் வட்டாரத் தோட்டக்கலைத் துறை அலுவலகத்திலோ உங்கள் மாவட்டத்தின் வேளாண் அறிவியல் நிலையத்திலோ படங்களைக் காட்டிக் கேளுங்கள். அங்கிருப்பவர்களுக்கு உங்கள் மரக்கட்டையால் எந்த ஆதாயமும் இல்லை என்பதே அவர்களுடைய கருத்தின் மதிப்பு.

அனுமதி விஷயத்தில் அலட்சியம் கூடாது. சுற்றுச்சுவருக்கு வெளியே தெருவோரம் நிற்கும் மரம், உங்கள் தாத்தா நட்டதாகவே இருந்தாலும், உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பில் இருப்பது. அதில் கை வைக்க மாநகராட்சியிலோ நகராட்சியிலோ முறையாக விண்ணப்பிக்க வேண்டும். சந்தன மரம் பட்டா நிலத்தில் நின்றாலும் வனத்துறையின் அனுமதியின்றி வெட்ட இயலாது. பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை என்று தமிழ்நாடு அரசு 2021இல் அறிவித்தது. நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளில் இருப்பவர்களை 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டமும் கட்டுப்படுத்துகிறது. "அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பவரிடம் அனுமதிக் கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆளைத் தேடும்போது தொலைபேசியிலேயே விலை சொல்பவரைவிட, நேரில் வந்து மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொல்பவரே மேல். இரண்டு மூன்று பேரை வரவழைத்து, ஒவ்வொருவரிடமும் ஒரு பருத்த கிளையைக் காட்டி, இதை எப்படி இறக்குவீர்கள் என்று கேளுங்கள். தொழில் தெரிந்தவர் ஒரே வெட்டில் இறக்குவதாகச் சொல்லமாட்டார். தண்டிலிருந்து ஓரடி, ஒன்றரை அடி தள்ளிக் கிளையின் அடிப்புறத்தில் கீழிருந்து மேலாக மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு முதல் வெட்டு. அதற்குச் சற்று வெளியே மேலிருந்து கீழாக இரண்டாவது வெட்டு. பாரம் விழுந்தபின் எஞ்சிய துண்டை எடுக்க மூன்றாவது வெட்டு. முதல் வெட்டு இல்லாவிட்டால், கிளை தன் கனத்தால் முறியும்போது தண்டின் பட்டையையும் சேர்த்து உரித்துக்கொண்டு விழும். கடைசி வெட்டு, கிளை தண்டோடு சேருமிடத்தில் வளையமாகத் தடித்திருக்கும் மேட்டுக்கு வெளியே, அதைச் சீவிவிடாமல் அமைய வேண்டும். காயத்தை மூடும் புதுப்பட்டை அந்த மேட்டிலிருந்துதான் வளர்கிறது. வெட்டுவாயில் தார் பூசுவதால் பயனில்லை. மா போன்ற பழமரங்களுக்கு, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசை தடவுவது வழக்கம்.

உச்சியை மொட்டையடித்தால் மரம் அடங்கிவிடும் என்று ஆலோசனை சொல்பவரை அனுப்பிவிடுங்கள். மொட்டையடித்த இடத்தில் கொத்தாகக் கிளம்பும் போத்துகள் மரத்தோடு வலுவாகப் பிணைவதில்லை. அடுத்த பெருங்காற்றில் முதலில் முறிவது அவையே. ஒரே முறையில் தழையில் கால் பங்குக்கு மேல் கழிப்பதும், தெருப்பக்கம் மட்டும் வழித்துவிட்டு வீட்டுப்பக்கத்தை விட்டுவைப்பதும் அதே அளவுக்குக் கேடானவை.

தென்னைக்குத் தனி ஆள் வேண்டும். காய்ந்த மட்டை, பன்னாடை, முற்றிய குலை ஆகியவற்றை இறக்குவதே வேலை; "சுத்தம் செய்கிறேன்" என்று பச்சை மட்டைகளையும் சீவினால் காய்ப்புக் குறைவதோடு, புதுக்காயத்தின் வாடைக்குச் சிவப்புக் கூன்வண்டும் வந்து சேரும். பச்சை மட்டையை வெட்டியே ஆக வேண்டுமென்றால் தண்டிலிருந்து நாலடி விட்டு வெட்டச் சொல்லுங்கள். ஏறுவதற்கு வசதியாகத் தண்டில் படி வெட்டுவதை ஒருபோதும் அனுமதிக்க வேண்டாம். தென்னை வளர்ச்சி வாரியம் 2011 முதல் இயந்திரம் கொண்டு ஏறுவதற்குப் பயிற்சி அளித்துவருகிறது. 'கேரா சுரக்ஷா' என்ற விபத்துக் காப்பீடும் அதன் திட்டங்களில் ஒன்று. பயிற்சியும் காப்பீடும் உள்ளவர் சற்றுக் கூடுதலாகக் கேட்டாலும் கொடுக்கலாம்.

கிளைகளுக்கிடையே மின்கம்பி செல்லுமானால், ஈரமில்லாத மூங்கிலைக் கொண்டு சமாளிக்கிறோம் என்ற பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள். பகுதி மின்வாரிய அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, வயர்மேன் வந்து மின்சாரத்தை நிறுத்திய பிறகே ஆள் ஏற வேண்டும். மேலே ஏறுபவருக்கு இடுப்புப் பட்டையும், அவரைத் தாங்கும் கயிறும், வெட்டிய கிளையை இறக்கத் தனிக் கயிறும், கீழே நிற்பவருக்குத் தலைக்கவசமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரே கயிற்றை எல்லாவற்றுக்கும் பயன்படுத்தும் குழுவும் ஒற்றை ஆளாக வருபவரும் உங்கள் வீட்டுக்கு வேண்டாம்.

வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன், ஆவணி, புரட்டாசியில் கழித்துவிடுவது உத்தமம். கூடுகளில் குஞ்சு இருந்தால் அந்தக் கிளையைத் தள்ளிப்போடலாம். புயல் எச்சரிக்கை வந்தபின் ஆள் தேடினால் கேட்ட கூலியைக் கொடுக்க வேண்டியதுதான். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோது சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அடுத்த சில நாட்கள் ரம்பம் வைத்திருந்த எவருமே மரத்தொழிலாளிதான்.

பேச்சு முடிந்ததும் வெட்ட வேண்டிய கிளைகளைச் சுண்ணாம்பால் அடையாளமிட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தெந்தக் கிளை, மொத்தக் கூலி எவ்வளவு, கூரை ஓடோ சுவரோ உடைந்தால் யார் பொறுப்பு, தழையை அள்ளிச் செல்வது யார், அடிக்கட்டையைத் தோண்டுவதும் கூலிக்குள் அடக்கமா என்பவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடலாம். தழைதான் பெரும்பாலும் தகராறில் முடிகிறது. மரத்தை இறக்கிவிட்டுக் குவியலைத் தெருவில் போட்டுச் செல்பவர்கள் உண்டு. முன்பணமாகச் சிறு தொகையை மட்டும் கொடுத்து, கூலியில் ஒரு பகுதியைத் தழை வண்டி ஏறும்வரை கையில் நிறுத்திவையுங்கள்.