கப்பல் அறையில் தொலைக்காட்சி: பெற்றோரை உல்லாசக் கப்பலுக்கு அழைத்துச் செல்வோருக்கு

திருகோணமலையில் இன்று பல வீடுகளின் பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மெல்பேணிலும் குடியேறியிருக்கிறார்கள். பெற்றோரைத் தம்மிடம் வரவழைக்கும்போது ஒரு கிழமை உல்லாசக் கப்பலிலும் கூட்டிச் செல்ல வேண்டும் என்ற ஆசை அவர்களில் பலருக்கு உண்டு. விசா, குளிருடுப்பு, மரக்கறிச் சாப்பாடு, மருந்து என்று மாதக்கணக்கில் பேசுகிறோம். அறைத் தொலைக்காட்சியில் என்ன வரும் என்பதை மட்டும் எவரும் கேட்பதில்லை.

நாங்களும் கேட்கவில்லை. என் பெற்றோரோடு வன்கூவரிலிருந்து அலாஸ்காவுக்குக் கப்பலில் போனபோது, உப்புவெளி வீட்டில் மாலை விளக்கேற்றியதும் ஆறரை மணிக்குத் தொடர் பார்க்க அமரும் அம்மா, முதல் நாள் ரிமோட்டை அழுத்தி அழுத்தி ஆங்கிலச் செய்தி, அமெரிக்க விளையாட்டு, மறுநாள் சுற்றுலாவுக்கான விளம்பரம் என்று ஒரு சுற்று வந்துவிட்டு, பெட்டியை அணைத்துவிட்டுப் பேசாமல் இருந்தார். முழங்கால் வலியோடு நீண்ட நடைக்கூடங்களில் நடக்க முடியாத ஒருவருக்கு நாளின் பெரும்பகுதி அறையிலேயே கழிகிறது. அந்த நேரத்தை முன்கூட்டியே எண்ணிப் பார்க்காதது எங்கள் தவறு. அதை மற்றவர்கள் செய்யாதிருக்கவே இதை எழுதுகிறேன்.

வீட்டில் வருவது கப்பலில் ஏன் வராது

நம் கூரையில் உள்ள டிஷ் ஒரே செய்மதியை நோக்கி இறுக்கப்பட்டிருக்கிறது. மார்கழி மழையில் படம் கட்டங்கட்டமாக உடைவதையும், காற்றில் டிஷ் சற்றுத் திரும்பினால் சிக்னல் போய்விடுவதையும் நாம் அறிவோம். கப்பலோ ஆடிக்கொண்டும் திசை மாறிக்கொண்டும் போகிறது. அதனால் அதன் உச்சித் தளத்தில் வெள்ளைக் கோளங்களாகத் தெரிபவற்றுள் சிலவற்றில், ஆட்டத்தை உணரும் கருவிகளும் மோட்டார்களும் பொருத்திய டிஷ்கள் இருக்கின்றன. கப்பல் எப்பக்கம் சாய்ந்தாலும் அவை நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும் செய்மதியை விடாமல் நோக்கியிருக்கும். திருகோணமலையின் அஸ்ரப் இறங்குதுறைக்கு உல்லாசக் கப்பல் வரும் நாளில் அந்தக் கோளங்களைத் தூரத்திலிருந்தே பார்க்கலாம்.

சிக்னல் கிடைத்துவிட்டால் மட்டும் போதாது. ஒளிபரப்பு உரிமை நாட்டுக்கு நாடு தனித்தனியே விற்கப்படுகிறது. இலங்கைக்கென்றோ கனடாவுக்கென்றோ வாங்கிய உரிமையை வைத்துக்கொண்டு நடுக்கடலில் காட்ட முடியாது. ஆகவே கப்பல் நிறுவனங்கள் கடற்பயணத்துக்கெனத் தனி உரிமத்தோடு வழங்கப்படும் சில அலைவரிசைகளையே வாங்குகின்றன. பிபிசி நியூஸ், சிஎன்என் இன்டர்நஷனல், சிஎன்பிசி, ஃபொக்ஸ் நியூஸ் போன்றவை பல கப்பல்களில் திரும்பத் திரும்ப வருவதற்கு இதுவே காரணம். விமானங்களுக்கும் கப்பல்களுக்கும் என்றே 2012இல் தொடங்கப்பட்ட ஸ்போர்ட் 24 என்ற விளையாட்டு அலைவரிசையும் உண்டு. தமிழ் அலைவரிசை இருக்கும் என்ற நம்பிக்கையில் மட்டும் எவரும் புறப்பட வேண்டாம்.

அட்சரேகையும் இதில் சேர்கிறது. நமது ஊர் ஏறத்தாழ 8.5 பாகை வடக்கில் இருப்பதால், நம் நெடுங்கோட்டுக்கு அருகில் உள்ள செய்மதிகள் ஏறக்குறைய தலைக்கு மேலேயே நிற்கின்றன. அலாஸ்காவின் பனியாற்றுக் குடாக்கள் 58 பாகைக்கு அப்பால் இருக்கின்றன. அங்கே நிலநடுக்கோட்டுக்கு மேலே நிற்கும் செய்மதிகள் தொடுவானத்தை நோக்கித் தாழ்ந்துவிடுகின்றன, மலைகளும் குறுக்கே நிற்கின்றன. ஒரு பிற்பகல் முழுவதும் எங்கள் அறையில் நேரலை அலைவரிசைகள் வராமல் போனதற்கு அதுவே காரணம். அறைப் பணியாளரிடம் கோபித்து ஆவது ஒன்றுமில்லை. கரீபியன் கடலிலோ சிங்கப்பூரைச் சுற்றியோ போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

முன்பதிவுக்கு முன் கேட்க வேண்டியவை

முகவரிடம் பேசும்போது நிறுவனத்தின் பெயரோடு நிறுத்தாமல் கப்பலின் பெயரையும் அது கட்டப்பட்ட ஆண்டையும் கேளுங்கள். ஒரே நிறுவனத்தின் இரண்டு கப்பல்களில் தொலைக்காட்சி ஏற்பாடு முற்றிலும் வேறாக இருக்கலாம். 2023 யூன் மாதம் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று வந்த எம்பிரஸ் கப்பல் 1990இல் வேறொரு நிறுவனத்துக்காகக் கட்டப்பட்டது. கப்பல்கள் பல கைகள் மாறுகின்றன, இடையிடையே புதுப்பிக்கப்படுகின்றன. விளம்பரத் தாளில் உள்ள அறைப் படம் எந்தக் கப்பலுடையது என்பதைக்கூட உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது.

அடுத்து, அறையில் கேட்டவுடன் பார்க்கும் திரைப்படங்கள் உண்டா, அவை இலவசமா, படத்துக்குப் படம் கட்டணமா, அவற்றில் இந்தியப் படங்கள் உண்டா என்று கேளுங்கள். இப்படங்கள் கப்பலிலேயே உள்ள சேமிப்புக் கணினியிலிருந்து வருவதால் செய்மதி மறைந்தாலும் ஓடும். எனவே வயதானவர்களுக்கு நேரலை அலைவரிசைகளின் எண்ணிக்கையை விட இந்தப் பட்டியலே முக்கியம் என்பது என் கருத்து.

மூன்றாவது கேள்வி இணையம் பற்றியது. 2022இல் ரோயல் கரீபியன் தன் கப்பல்களில் ஸ்டார்லிங்க் என்ற செய்மதி இணைய இணைப்பைப் பொருத்துவதாக அறிவித்தது. பிற நிறுவனங்களும் அவ்வழியில் சென்றதால் கடலில் வீடியோ பார்ப்பது முன்பைவிட எளிதாகியிருக்கிறது. ஆனால் எல்லா இணையப் பொதிகளும் வீடியோவுக்கு இடம்கொடுப்பதில்லை. செய்தி அனுப்ப மட்டும் உதவும் மலிவான பொதியை வாங்கிவிட்டு ஏமாறுபவர்கள் பலர். எந்தப் பொதியில் வீடியோ பார்க்கலாம், எத்தனை கருவிகளுக்கு என்பதை எழுத்தில் பெறுங்கள். பல நிறுவனங்களில் கப்பலேறிய பின் வாங்குவதை விட முன்கூட்டியே வாங்குவது மலிவு.

வீட்டிலேயே செய்து முடிக்க வேண்டியவை

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான பகுதி. கடலில் தமிழ் நிகழ்ச்சி பார்ப்பதற்கு நிச்சயமான வழி, அதை வீட்டிலேயே ஒரு டப்லெட்டில் இறக்கி எடுத்துச் செல்வதுதான். நேரலையாகப் பார்ப்போம் என்று இருப்பவர்களுக்கு நேரமும் ஒத்துவராது. கோடைகாலத்தில் அலாஸ்கா நேரம் நமது நேரத்துக்குப் பதின்மூன்றரை மணித்தியாலம் பின்னே இருக்கிறது. இங்கே மாலை ஆறரைக்கு வரும் தொடர் அங்கே அதிகாலை ஐந்து மணிக்கு வரும். கொழும்பில் பிற்பகல் இரண்டரைக்குத் தொடங்கும் கிரிக்கெட் ஆட்டம் அங்கே நள்ளிரவுக்குப் பின் ஒரு மணிக்குத் தொடங்கும்.

சன் நெக்ஸ்ட் போன்ற செயலிகள் நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்பதைப் பார்த்தே நிகழ்ச்சிகளைக் காட்டுகின்றன. கப்பல் இணையம் உங்களை வேறு நாட்டவராகக் காட்டக்கூடும், அப்போது பழக்கமான தொடரே மறைந்துவிடும். இறக்கி வைத்த நிகழ்ச்சிகளுக்கும் கால எல்லை உண்டு. நெட்பிளிக்ஸில் சில படங்கள் பார்க்கத் தொடங்கிய 48 மணித்தியாலத்தில் காலாவதியாகிவிடும். ஆகவே புறப்படுவதற்கு முந்திய இரவு டப்லெட்டை விமானப் பயண நிலையில் வைத்து, இறக்கிய ஒவ்வொன்றையும் ஒரு நிமிடமாவது ஓடவிட்டுப் பாருங்கள். கால எல்லை அப்படித் தொடங்கிவிடுமோ என்று ஐயமுள்ள படத்தை மட்டும் தொடாமல் விடுங்கள். உங்களுக்குச் சொந்தமான பதிவுகள், அதாவது குடும்பத் திருமண வீடியோ, பேரப்பிள்ளையின் அரங்கேற்றம் போன்றவற்றுக்கு இத்தொல்லை எதுவுமில்லை. என் அம்மா அந்தக் கிழமையில் மிக அதிகமாகப் பார்த்தது தங்கையின் கலியாண வீடியோவைத்தான்.

டப்லெட்டுக்கு நிமிர்ந்து நிற்கும் உறை ஒன்றும், அயல் அறைக்குச் சத்தம் போகாதபடி ஹெட்போன் இரண்டும் வேண்டும். நமது மின்செருகிகள் கப்பலில் பெரும்பாலும் காணப்படும் அமெரிக்க, ஐரோப்பிய மின்துளைகளுக்குப் பொருந்தமாட்டா என்பதால் மாற்றுச் செருகி அவசியம். பல செருகிகளுள்ள நீட்டிப்புக் கம்பியையும் இணைய ரவுட்டரையும் எடுத்துச் செல்ல வேண்டாம். பல நிறுவனங்கள் இவற்றைத் தடைசெய்திருக்கின்றன, ஏறும்போதே பறிமுதல் செய்வார்கள்.

டப்லெட்டைத் தொலைக்காட்சியோடு இணைக்கும் எச்டிஎம்ஐ கேபிள் ஒன்றைக் கொண்டுபோவதில் தவறில்லை, ஆனால் அதை நம்பியிருக்கக் கூடாது. கப்பல்களில் உள்ளவை பெரும்பாலும் விடுதிகளுக்கென அமைக்கப்பட்ட தொலைக்காட்சிகள். அவற்றில் வெளி இணைப்பு பூட்டப்பட்டிருக்கலாம், ஒலியளவுக்கும் உச்ச எல்லை வைக்கப்பட்டிருக்கலாம். சில அறைகளில் பெட்டி சுவரோடு ஒட்டியிருப்பதால் கை நுழையாது. அதை அசைத்துப் பார்த்து உடைத்தால் செலவு உங்கள் கணக்கில் வந்து சேரும். கைத்தொலைபேசியிலிருந்து திரைக்குப் படம் அனுப்புவதும், கப்பல் இணையம் ஒரு கருவி மற்றொன்றைக் காணாதபடி பிரித்து வைத்திருப்பதால், பெரும்பாலும் நடப்பதில்லை. அதற்கென வசதி செய்த புதிய கப்பல்களும் இருக்கின்றன.

அறைக்குள் நுழைந்ததும்

முதல் வேலையாக எல்லோருடைய கைத்தொலைபேசியையும் விமானப் பயண நிலைக்கு மாற்றிவிட்டு, வைஃபையை மட்டும் இயக்குங்கள். கடலில் தானாகப் பற்றிக்கொள்ளும் கப்பல் கைத்தொலைபேசி வலையமைப்பின் கட்டணம் மிக அதிகம்.

பிறகு தொலைக்காட்சியை ஒருமுறை முழுவதும் சுற்றிப் பார்த்து, பெற்றோருக்குத் தேவையான நான்கைந்து எண்களை மட்டும் ஒரு தாளில் பெரிய தமிழ் எழுத்தில் எழுதி, ரிமோட்டுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். கட்டணப் படங்கள் உள்ள கப்பலாயின், தவறுதலாக ஓகே பொத்தானை அழுத்தினாலும் அறைக் கணக்கில் பணம் ஏறிவிடும். விருந்தினர் சேவை மேசையில் சொல்லி அவ்வசதியைத் தடுத்துவிடச் சொல்லுங்கள். ஆங்கிலம் வாசிக்கக் கூடியவராயின் பேச்சைத் திரையின் அடியில் எழுத்தில் காட்டும் எழுத்துவரியை இயக்கிக் கொடுங்கள். என் தந்தைக்குக் காதால் பிடிபடாத உச்சரிப்பு கண்ணால் எளிதாகப் பிடிபட்டது.

பாதுகாப்பு விளக்கம் இப்போது பல கப்பல்களில் அறைத் தொலைக்காட்சியிலோ கைத்தொலைபேசிச் செயலியிலோ காட்டப்படுகிறது. கொஸ்டா கொன்கோர்டியா கப்பல் 2012இல் விபத்துக்குள்ளான பின் சர்வதேச விதி திருத்தப்பட்டு, 2015 சனவரி 1 முதல் இப்பயிற்சி கப்பல் புறப்படுவதற்கு முன்போ புறப்பட்டவுடனோ நடந்தாக வேண்டும் என்று ஆகியது. வீடியோவை ஓடவிட்டுப் பெற்றோரைத் தலையசைக்கச் செய்து முடித்துவிடாதீர்கள். இடையிடையே நிறுத்தித் தமிழில் சொல்லுங்கள். ஆபத்து அறிவிப்பான ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் என்ன செய்வது, உயிர்காப்புச் சட்டை எந்த அலுமாரியில் இருக்கிறது, கூடும் இடத்தின் எண் என்ன என்பவற்றை அவர்கள் வாயால் திருப்பிச் சொல்லும்வரை விடக்கூடாது. பிறகு அந்த இடத்துக்கு அவர்களை நடத்திக் கூட்டிச் சென்று காட்டுங்கள்.

கப்பலின் சொந்த அலைவரிசைகள்

நாங்கள் முதலில் பொருட்படுத்தாமல் விட்டு, பின்னர் மிகவும் விரும்பியவை இவை. கப்பலின் முன்புறக் கமராவிலிருந்து வரும் நேரடிக் காட்சி பல கப்பல்களில் உண்டு. ஜன்னலில்லாத உள்ளறை எடுத்தவர்கள் இரவில் இதை ஒலியின்றி ஓடவிட்டுத் தூங்கலாம். அவ்வறைகளில் விளக்கணைத்தால் பகலும் இரவும் ஒன்றே. இந்தக் காட்சி வெளுக்கும்போதுதான் விடிந்தது தெரியும். இத்தேவையை உணர்ந்தே டிஸ்னி நிறுவனம் 2011இல் டிஸ்னி ட்ரீம் கப்பலின் உள்ளறைகளில் கமராக் காட்சியைக் காட்டும் வட்டச் சாளரத் திரைகளை வைத்தது.

வரைபட அலைவரிசையில் கப்பல் நிற்கும் இடமும் வேகமும் காற்றின் திசையும் வரும், சிலவற்றில் கடலின் ஆழமும் வரும். வேகம் நொட்டில் இருக்கும். ஒரு நொட் என்பது மணிக்கு 1.852 கிலோமீற்றர். துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற என் தந்தை காலையும் மாலையும் அந்தப் பக்கத்தைத் திறந்து, ஆழத்தையும் காற்றையும் ஒரு சிறு கொப்பியில் குறித்துக்கொண்டார். நமது உட்துறைமுகத்தின் ஆழத்தோடு ஒப்பிட்டு அவர் பேசத் தொடங்கினால் இரவுச் சாப்பாட்டு நேரம் தவறிவிடும். கடலோர ஊரில் வாழ்ந்த முதியவர்களுக்கு எந்தப் படத்தையும் விட இது பிடிக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இதை அவர்களுக்குத் தேடிக் காட்டுங்கள்.

அடுத்த துறைமுகம் பற்றிய விளக்கவுரையும், சில கப்பல்களில் அரங்க நிகழ்ச்சியின் பதிவும் மறுநாள் அறையில் பார்க்கக் கிடைக்கும். இரவு அரங்குக்கு நடக்க முடியாதவர்களுக்கு அது பயன்படும்.

கடைசி நாள் மாலை, வசதியிருந்தால், திரையிலேயே அறைக் கணக்கைத் திறந்து ஒவ்வொரு வரியையும் பாருங்கள். பார்க்காத படத்துக்குப் பணம் ஏறியிருந்தால் அன்றிரவே மேசையில் முறையிடுவது எளிது, மறுநாள் காலையில் வரிசை நீளமாக இருக்கும். தொலைக்காட்சியில் உங்கள் செயலிக் கணக்கு எதிலாவது நுழைந்திருந்தால் வெளியேறிவிடுங்கள். பெரிய பெட்டிகளை அன்றிரவே நடைக்கூடத்தில் வைக்கச் சொல்வார்கள் என்பதால், டப்லெட்டையும் கேபிளையும் மாற்றுச் செருகியையும் அதற்கு முன்பே கைப்பையில் எடுத்து வைத்துவிடுங்கள்.