திரவத்தில் மூழ்கும் பேட்டரி: குமிழி இல்லாமல் நிரப்புவது எப்படி?

இந்த வகை மின்சார லாரி பேட்டரியில் செல்கள் நேரடியாகக் குளிர்விக்கும் திரவத்தில் மூழ்கியிருக்கும். அதனால் தயாரிப்பாளர் சொன்ன, மின்சாரம் கடத்தாத திரவம் மட்டும்தான். ரேடியேட்டர் கூலன்ட் ஒரு சொட்டுகூடக் கூடாது. இன்சுலேஷன் கையுறை போட்டு, உயர் மின்னழுத்த இணைப்பைத் துண்டித்து, மின்னழுத்தம் இறங்கிவிட்டதை மீட்டரில் உறுதி செய்யுங்கள்.

அப்புறம் கீழ் வாய் வழியாக மெதுவாக ஏற்றுங்கள். ஒருமுறை நான் அவசரத்தில் மேலிருந்து ஊற்றினேன். செல்களின் இடுக்கில் கடுகளவு குமிழிகள் ஒட்டிக்கொண்டன. குமிழி நிற்கும் இடத்தில் செல் சூடேறும். பம்ப்பைக் குறைந்த வேகத்தில் ஓட்டி, திரும்பி வரும் குழாயில் குமிழி வருவது நிற்கும்வரை காத்திருங்கள், பொறுமை வேண்டும். திறந்து கிடந்த டப்பாவின் திரவம் வேண்டவே வேண்டாம். ஈரம் ஏறியிருந்தால் மின்காப்பு குறையும். மட்டம் சரியா என்று பார்த்து மூடியை இறுக்குங்கள்.