படுதாவை ஒரு முழம் தூக்கிக் கட்டுங்கள்

கம்பத்திலிருந்து விடிகாலையில் மெட்டு மலைப்பாதையில் ஏறும் ஜீப்புகளைப் பார்த்திருப்பீர்கள். கேரளத்து வண்டன்மேடு பக்கத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகும் பெண்கள் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். ஆடிச் சாரல் அடித்தால் படுதா முழுசாக இறங்கிவிடும். போன வருஷம் அப்படி ஒரு வாரம் போய்வந்து, ஜீப்பில் பாதிப் பேர் காய்ச்சலில் படுத்தார்கள். என் அம்மாவும்தான்.

முதல் தவறு அந்தப் படுதா. 2020இல் கம்பியையும் கைப்பிடியையும் துடைத்துத் துடைத்துப் பழகினோம். துடைப்பது நல்லதுதான். ஆனால் கொரோனாவும் ஃப்ளூவும் பெரும்பாலும் மூச்சுக் காற்றில் தொற்றுகின்றன. இருமினாலும் பேசினாலும் வெளிவரும் நுண்துளிகள் அடைத்த இடத்தில் மிதந்துகொண்டே இருக்கும். ஜீப்புக்குள் ஒருவர் பீடி பற்றவைத்தால் எத்தனை பேர் மூக்கில் ஏறும்? அதே கணக்குதான். பின்பக்கப் படுதாவை ஒரு முழம் தூக்கிக் கட்டி, டிரைவர் பக்கமும் கொஞ்சம் திறந்துவிட்டால், ஓடுகிற வேகத்திலேயே காற்று மாறிவிடும். ஓரத்தில் இருப்பவர் நனையாமல் மழைப் போர்வையான கொங்காணி ஒன்றைப் போர்த்திக்கொள்ளலாம்.

காய் பிரிக்கும் கூடத்திலும் தொழிலாளர் குடியிருப்பான லயத்து அறையிலும் குளிருக்குப் பயந்து சன்னலை அடைக்கிறோம். அப்புறம் ஃபேன் ஓடுகிறதே என்று நிம்மதி. சன்னல் அடைத்திருந்தால் ஃபேன் அதே காற்றைத்தான் சுற்றிவிடும். எதிரெதிரே இரண்டு சன்னல்களை ஒரு சாண் திறந்தாலே பெரிய வித்தியாசம். மாஸ்க் போடுபவர்கள் மூக்கையும் சேர்த்து மூடுங்கள்.

எனக்கு அதிகம் வலிக்கும் தவறு வேறு. "இன்னிக்கு வராட்டி நாளைக்கு வேற ஆளு" என்கிறார் ஆள் கூட்டிப்போகிறவர். கூலி போய்விடுமே என்று அம்மா ஒரு பாரசிட்டமால் போட்டுக்கொண்டு ஜீப் ஏறினார். மாத்திரை சூட்டைத்தான் தணிக்கும், தொற்றுவதை நிறுத்தாது. ஃப்ளூ, உடம்பு சுடுவதற்கு ஒரு நாள் முன்பே பரவத் தொடங்கி, படுத்த முதல் மூன்று நாள்களில்தான் மிக அதிகமாகப் பரவும். அந்த நாள்களில் காய்ச்சல்காரரை ஏற்றினால் மொத்த ஜீப்பும் படுக்கும், காய் செடியிலேயே நிற்கும்.

அதனால் ஆள் கூட்டிப்போகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: காய்ச்சலில் படுத்தவருக்கு உரிய இடத்தை வைத்திருங்கள். மாத்திரை போடாமலே ஒரு முழு நாள் காய்ச்சல் இல்லாமல், உடம்பும் தேறிவந்தால் ஏறட்டும். அப்புறமும் ஐந்து நாள் மாஸ்க்கோடு, திறந்த பக்கமாக உட்காரட்டும்.