ஹிஜாமா பழகுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பூர், ஈரோடு பக்கம் தையல் மெஷினிலும் தறியிலும் நாள் முழுக்கக் குனிந்து நிற்பவர்களுக்குக் கழுத்தும் இடுப்பும் பிடித்துக்கொள்கிறது. அதனால் தோலை லேசாகக் கீறி, கப் வைத்து ரத்தம் எடுக்கும் ஹிஜாமாவுக்கு ஆள் வருகிறார்கள், பழக வருபவர்களும் கூடியிருக்கிறார்கள். கையுறை, புது பிளேடு, ஆளுக்கொரு கப் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மாத்திரையை நிறுத்திவிட்டு வரச் சொல்வது

இதை நினைத்தால் இன்னமும் கோபம் வருகிறது. பல்லடம் பக்கத்துத் தறிக்காரர் ஒருவர் இடுப்பு வலிக்காக வந்தார். இதயத்தில் ஸ்டென்ட் வைத்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. என்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"இப்ப எதும் போடறதில்லீங்க. போன வாரம் வேற ஒருத்தர்கிட்டக் கேட்டனுங்க. ரத்தம் நிக்காது, நிறுத்திட்டு வாங்கன்னாருங்க."

சொன்னவர் கெட்டவர் அல்ல. மாத்திரை விவரம் கேட்டிருக்கிறார். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் எடுப்பவரைக் கீறினால் ரத்தம் லேசில் நிற்காது என்பதும் தெரிந்திருக்கிறது. அப்புறம், கீறுவதைக் கைவிட வேண்டியவர் மாத்திரையைக் கைவிடச் சொல்லிவிட்டார். புதிதாக வைத்த ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்தால் மாரடைப்பு வரும். அது நடக்காமல் இருக்கத்தான் இரண்டு மாத்திரைகளையும் பெரும்பாலும் 6 முதல் 12 மாதம் வரை சேர்த்துக் கொடுக்கிறார்கள். இடுப்பு வலிக்காக உயிரைப் பணயம் வைக்கலாமா? அவரை அன்றே இதய மருத்துவரிடம் திருப்பி அனுப்பினேன்.

ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரினுக்கும் இதே கதைதான். எழுதிக் கொடுத்த மருத்துவரைத் தவிர வேறு யாரும் நிறுத்தச் சொல்லக் கூடாது. கப் எடுத்ததும் பிரஷர் இறங்கியிருப்பதைப் பார்த்து, "ஏனுங்க, இனி மாத்திரை வேண்டாமுங்களா?" என்று கேட்பவர்களுக்குத் தலையாட்டுவதும் இந்தத் தவறின் கூடப்பிறந்ததே. கொஞ்ச நேரம் அமைதியாகப் படுத்திருந்தாலே பிரஷர் சற்று இறங்கும்.

உட்கார வைத்துக் கீறுவது

மயங்கி விழுவார்கள். படுக்க வையுங்கள்.

ஹீமோகுளோபின் பார்க்காமல் தொடங்குவது

சோகை இருந்தால் கீறாதீர்கள்.

"கெட்ட ரத்தம்" என்று காட்டுவது

கப்பில் கறுத்துக் கட்டியாகக் கிடப்பது உடலைவிட்டு வெளியே வந்து உறைந்த சாதாரண ரத்தம். அதைக் காட்டி, சர்க்கரை நோய் குணமாகிறது என்று நம்ப வைக்காதீர்கள். கறுப்பாக வரட்டும் என்று ஆழமாகக் கீறினால் தழும்புதான் மிஞ்சும். கீறல் மிக மேலோட்டமாகத்தான் இருக்க வேண்டும்.

பஞ்சைக் குப்பையில் போடுவது

2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகள் நமக்கும் பொருந்தும். ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பைக்கு; பிளேடு, துளைக்க முடியாத வெள்ளை டப்பாவுக்கு. ஹெபடைடிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே 7 நாளாவது உயிரோடு இருக்கும். நீங்களும் உதவியாளரும் அதற்கான தடுப்பூசியை 3 தவணையும் முடித்துவிட்டு வேலையில் இறங்குங்கள்.